படைப்பாற்றலும் கல்லூரியும்: மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

கடலூரில் ஒரு கலைக் கல்லூரியில் வணிகவியல் சொல்லித்தருகிறேன்; இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. மாவட்டத்துக்குள்ளும் புதுச்சேரியிலும் மற்ற கல்லூரிகள் கூப்பிட்டால் போய்ப் பேசுவதும் உண்டு. தலைப்பு பெரும்பாலும் படைப்பாற்றல்தான். கூட்டத்தில் மைக் பிடித்துக் கேட்கிறவர்கள் குறைவு. படி இறங்கும்போதும் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதும்தான் ஒவ்வொருவராக வருவார்கள். அப்படி வந்த கேள்விகளையும், நான் சொன்ன அல்லது சொல்லியிருக்க வேண்டிய பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

"படைப்பாற்றல்னா கதை, கவிதை, டிராயிங், இதெல்லாம்தானே மேம்?"

அதுவும்தான். ஆனால் அதோடு நிறுத்திவிடுவதுதான் சிக்கல். எந்த வகுப்பிலாவது போய், "இங்க யாருக்குப் படைப்பாற்றல் இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். கானா பாடுகிற பையன், மெஹந்தி போடுகிற பெண், ரீல்ஸ் எடிட் பண்ணுகிறவன் என்று நாலு பேர் பக்கம் கை நீளும். தன்னைத் தானே காட்டிக்கொள்கிற ஆளை நான் அநேகமாகப் பார்த்ததில்லை. பொறியியல் மாணவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள்: ஸ்டார்ட்அப், ஆப், பேட்டன்ட். இரண்டு கூட்டமும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகிறது: அந்தச் சரக்கு வேறு யாரிடமோ இருக்கிறது, நம்மிடம் இல்லை.

ஆய்வாளர்கள் இதற்கு வைத்திருக்கும் வரையறை எளிமையானது. 2012இல் மார்க் ரன்கோவும் காரெட் ஜேகரும் அதை எடுத்து எழுதினார்கள்: புதிதாக இருக்க வேண்டும், காரியத்துக்கும் உதவ வேண்டும். இரண்டும் சேர்ந்தால் படைப்பாற்றல். கடலூர் கடற்கரையில், தேவனாம்பட்டினத்தில் எக்ஸெல் வண்டியில் தெர்மோகோல் பெட்டி கட்டி மீன் விற்கும் ஒருவரைப் பார்த்தேன். ஐஸ் உருகிய தண்ணீரில் மீன் ஊறக்கூடாது என்று பெட்டியின் அடியில் துளை போட்டு, பழைய சைக்கிள் ட்யூபைச் செருகி, தண்ணீர் சாலையில் வடியும்படி செய்திருந்தார். ட்யூபின் நுனியில் ஒரு துணி உலர்த்தும் கிளிப். நிறுத்தி விற்கும்போது அடைக்க. அந்தக் கிளிப் என் கண்ணைவிட்டு இன்னும் போகவில்லை.

"அது பிறவியிலேயே வரணும்னு சொல்றாங்களே?"

நம் கடலூரில் இந்தக் கேள்வியோடு இரண்டு எழுத்தாளர்கள் கூடவே வந்துவிடுவார்கள். புதுமைப்பித்தன் 1906இல் இங்கே திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர். ஜெயகாந்தன் 1934இல் மஞ்சக்குப்பத்தில் பிறந்தவர். "ஜெயகாந்தன் அஞ்சாம் கிளாஸோட நிறுத்திட்டாரு. அவரை எந்தக் காலேஜ் உருவாக்குச்சு?" என்று ஒரு மாணவன் என்னைக் கேட்டான்.

நல்ல கேள்வி. ஆனால் பள்ளியை விட்ட அந்தப் பையன் எங்கே வளர்ந்தார் என்று பாருங்கள். கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில் பெரியவர்கள் விடிய விடிய வாதம் பண்ணிய இடத்தில். அச்சகத்தில், எழுத்து கையில் ஒட்டுகிற இடத்தில். கண்ணெதிரே புத்தகம், வாதம், வேலை மூன்றும் இருந்தன. கேள்வி கேட்டால் ஓங்கி அடக்காத ஆட்களும் இருந்தார்கள். அவருக்குத் தற்செயலாகக் கிடைத்த அந்தச் சூழலை எல்லாருக்கும் திட்டமிட்டுத் தருவதற்குத்தான் கல்லூரி என்ற ஒன்றே வேண்டும். ஆளுக்கு ஆள் திறமையில் ஏற்றத்தாழ்வு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சூழல் இல்லாமல் வாடிப்போன திறமையை யார் கணக்கெடுத்தார்கள்?

"எல்லாத்தையும் யாரோ ஏற்கெனவே பண்ணிட்டாங்களே, நான் புதுசா என்ன பண்றது?"

உலகத்துக்கே புதிதாக இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஜேம்ஸ் காஃப்மன், ரொனால்ட் பெகெட்டோ என்ற இருவர் 2009இல் படைப்பாற்றலை நான்கு படிகளாகப் பிரித்தார்கள். கற்றுக்கொள்ளும்போது உங்களுக்குள் நீங்களே காணும் புது அர்த்தம் முதல் படி. அன்றாட வாழ்வில் செய்யும் சின்னக் கண்டுபிடிப்பு அடுத்தது. தொழிலில் தேர்ந்தவரின் ஆக்கம் மூன்றாவது. வரலாற்றில் நிற்பது கடைசி. நாம் கடைசிப் படியைப் பார்த்துப் பயந்து முதல் படியில் கால் வைப்பதே இல்லை. பாரதி புதுச்சேரியில் 1908 முதல் 1918 வரை பத்து வருடம் இருந்தார், அவர் மாதிரி நம்மால் முடியுமா என்று ஒருத்தி கேட்டாள். அவர் மாதிரி வேண்டாம்மா. உன் நோட்டில் ஒரு கணக்கை வாத்தியார் போட்டுக் காட்டாத வழியில் நீ போட்டாயா? அதில் தொடங்கு.

"யோசனையே வர மாட்டேங்குது. முதல் ரெண்டு சொன்னதும் நின்னுடுது."

எல்லாருக்கும் அங்கேதான் நிற்கும். ஜே.பி. கில்ஃபோர்டு என்ற அமெரிக்க உளவியலாளர், 1950இல் தன் துறையின் சங்கத் தலைவராகப் பேசியபோது, படைப்பாற்றலை உளவியல் கண்டுகொள்ளவே இல்லை என்று குறைப்பட்டார். ஒரு செங்கல்லை எத்தனை விதமாகப் பயன்படுத்தலாம் என்று கேட்கும் சோதனை அவர் வழி வந்தது. நான் வகுப்பில் செங்கல்லுக்குப் பதிலாகக் காலி அரிசிச் சாக்கைத் தூக்கிக் காட்டுவேன்.

ஒரு தடவை நடந்ததைச் சொல்கிறேன். முதல் ஒரு நிமிடம் எல்லார் தாளிலும் ஒரே பதில்: மிதியடி, குப்பை அள்ள, மூட்டை கட்ட. இரண்டாவது நிமிடம் பேனாவைக் கடித்தார்கள். நிறுத்தச் சொல்லவில்லை. ஐந்தாவது நிமிடத்தில் பின் பெஞ்சுப் பெண் எழுதியிருந்தாள்: "மணல் நிரப்பி வாசல்ல அடுக்கி, மேல களிமண் பூசினா தண்ணி உள்ள வராது. மழை முடிஞ்சதும் அதே மணல்ல கீரை போடலாம்." 2015 வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது அவள் ஆறாம் வகுப்பு. அந்தப் பதிலில் பாதி அவள் பார்த்தது. கீரை அவளுடையது.

பின்னால் வரும் யோசனைகள்தான் பெரும்பாலும் புதியவையாக இருக்கும் என்பது கில்ஃபோர்டும் அவரது கூட்டாளிகளும் 1957இலேயே பதிந்து வைத்தது. முதலில் வருவது எல்லார் மனதின் மேல்தட்டிலும் இருப்பது. அதைக் கொட்டித் தீர்த்த பிறகுதான் சொந்தச் சரக்கு வெளிவரும். நம் தேர்வுகளோ அந்த முதல் நிமிடத்திலேயே மணியடித்துவிடுகின்றன.

"அப்போ மனப்பாடம் பண்றது தப்பா?"

இல்லை. மனப்பாடத்தைத் திட்டுவது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது; நான் அந்தப் பக்கம் இல்லை. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைத் துறைப் பக்கம் போனால், தொடக்கப் பாடமான சரளி வரிசையிலிருந்து வர்ணம் வரை நாக்கில் ஏறும்வரை பாடிப் பாடிப் பழகுவதைக் கேட்கலாம். அந்தப் பாடம் ஊறிய பிறகுதான் ஆலாபனை, கற்பனை ஸ்வரம் என்று அந்தந்த நேரத்தில் தானே கற்பனை செய்து பாடுவது. அந்த இடத்துக்கு இசைக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் மனோதர்மம். படைப்பாற்றலுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் நம்மிடம் இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம்.

இசையில் மனப்பாடத்துக்குப் பின்னால் மனோதர்மத்துக்கு என்று மேடையில் நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. பி.காமில் ஒதுக்கப்படவில்லை. மூன்று வருடமும் சரளி வரிசையிலேயே முடிந்து, பட்டம் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். என் குறை அவ்வளவுதான்.

"படைப்பாற்றல் உள்ளவங்க மத்தவங்ககிட்ட இருந்து எதுல வேறுபடுறாங்க?"

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

சிகாகோ கலைப் பள்ளி மாணவர்களிடம் ஜேக்கப் கெட்செல்ஸ், மிகாய் சிக்சென்ட்மிகாயி என்ற இருவர் ஓர் ஆய்வு செய்தார்கள். 1976இல் முழுவதுமாக வெளியிட்டார்கள். 31 மாணவர்கள். ஒரு மேசையில் 27 பொருள்கள். "வேண்டியதை எடுத்துப் பக்கத்து மேசையில் வைத்து, அதைப் படமாக வரை" என்பது மட்டும்தான் உத்தரவு. சிலர் இரண்டு மூன்று பொருளை எடுத்து வைத்துச் சட்டென்று வரைய ஆரம்பித்தார்கள். சிலர் நிறைய பொருள்களை எடுத்தார்கள், கையில் உருட்டினார்கள், திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள், வைத்ததைக் கலைத்தார்கள், வரைய ஆரம்பித்த பிறகும் மாற்றினார்கள். படங்களை மதிப்பிட்டவர்களுக்கு யார் எப்படி வரைந்தார் என்று தெரியாது. இரண்டாவது வகையினரின் படங்கள்தான் அசலானவை என்று மதிப்பெண் பெற்றன. வருடங்கள் கழித்துத் தேடிப் பார்த்தபோது, கலைத்துறையில் நின்றவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான்.

வரைவதற்கு முன் அவர்கள் செய்தது என்ன? எதை வரைவது என்ற கேள்வியைத் தேடினார்கள். இப்போது நம் வகுப்பறைக்கு வாருங்கள். இரண்டு மார்க், ஐந்து மார்க், பத்து மார்க், எல்லாக் கேள்வியும் நாங்கள் தருகிறோம். அசைன்மென்ட் தலைப்பு நாங்கள் தருகிறோம். செமினார் தலைப்பும் வரிசை எண்படி நாங்களே. மூன்று வருடத்தில் ஒரு மாணவி ஆயிரக்கணக்கான விடை எழுதுகிறாள். ஒரு கேள்வியைக்கூடத் தானாகக் கண்டுபிடிக்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை. அப்புறம் கடைசி செமஸ்டரில், "பிராஜெக்ட் டாபிக் நீயே எடுத்துட்டு வா" என்கிறோம். பழைய பிராஜெக்டை நகலெடுக்க அவள் ஜெராக்ஸ் கடைக்குத்தான் போவாள். வேறெங்கே போவாள்?

"பிராஜெக்டுக்கு நல்ல டாபிக் எப்படி எடுக்கறது?"

நடந்த ஒன்றைச் சொல்வதுதான் சரியான பதில். சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவி, ஊர் பண்ருட்டி பக்கம், ஒரு தலைப்போடு வந்தாள்: ஒரு நிறுவனத்தில் ஊழியர்களின் பணித் திருப்தி. அந்தத் தலைப்பை அதற்கு முன் நூறு தடவை பார்த்திருக்கிறேன். அதே கேள்வித்தாள், அதே வட்ட வரைபடம், அதே முடிவுரை. திருப்பிக் கொடுத்துவிட்டு ஒன்று கேட்டேன்: "இந்த வாரம் உங்க வீட்ல எது சரியா நடக்கல?"

கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாள். "ரேஷன் கடையில எங்கம்மா கை மெஷின்ல விழ மாட்டேங்குது மேம். பெருவிரல் நாலஞ்சு தடவை வெச்சாலும் சிவப்புதான் எரியுது."

அம்மாவுக்கு முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை. கொட்டையின் ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலைப் பொத்துவிடும். அனகார்டிக் அமிலம் அதில் இருக்கிறது. சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் வேலை செய்வார்கள். விரல் நுனி கருத்து, உரிந்து, ரேகை தேய்ந்துவிடும். "கையுறை போட மாட்டாங்களா?" என்று கேட்டேன். "தெரியல மேம். கேட்டதில்ல" என்றாள். அதுதான் தலைப்பு. அந்தத் 'தெரியல'.

இரண்டு மாதம் அவள் தன் வீட்டுத் திண்ணையிலேயே ஆராய்ச்சி செய்தாள். அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும். சாம்பல் தொட்டு வெறுங்கையால் ஒரு நாள், ரப்பர் கையுறையோடு ஒரு நாள், எத்தனை கிலோ என்று எழுதினாள். கையுறை அரை நாள்கூடத் தாங்கவில்லை. பருப்பு உடையாமல் எடுக்க விரலுக்குத் தொடு உணர்வு வேண்டும். கூலி கிலோ கணக்கு. ஆக, கையுறையின் உண்மையான விலை கடையில் கொடுக்கிற காசு இல்லை, அன்றைக்குக் குறைகிற கிலோதான் என்று எழுதியிருந்தாள். செலவுக் கணக்கியல் பாடத்தில் நான் ஒரு செமஸ்டர் முழுக்கச் சொல்லிக்கொடுக்கும் விஷயம் அந்த ஒரு வரியில் இருந்தது.

பிறகு கையுறையின் விரல்களை மட்டும் வெட்டி மாட்டிப் பார்த்தார்கள். வியர்வையில் வழுக்கியது. உள்ளே சாம்பலைப் போட்டு மாட்டலாம் என்று சொன்னது அம்மா. மூன்று வாரம் பெருவிரலை அப்படி மூடியே வேலை செய்தார். அடுத்த மாதம் ரேஷன் கடையில் நான்காவது தடவை பச்சை எரிந்ததாம். அதைச் சொல்ல அந்தப் பெண் காலை முதல் பீரியடுக்கு முன் ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றாள்.

வைவாவில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். "இது வணிகவியல் தலைப்பே இல்லை, மாதிரி எண்ணிக்கை மூன்று பேர், வடிவம் சரியில்லை" என்று மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். மூன்று பேர் என்பது குறைதான், அதை ஒப்புக்கொள்கிறேன். முப்பது பேரிடம் செய்ய அவளுக்கு நேரமும் காசும் கிடைக்கவில்லை. ஆனால் பணித் திருப்தியை நகலெடுத்தவர்கள் அவளைவிட அதிகம் வாங்கினார்கள். அன்றைக்கு நான் இன்னும் உரக்கப் பேசியிருக்க வேண்டும்.

"மார்க் கொடுத்தால்தானே பசங்க செய்வாங்க?" (ஆசிரியர்கள் கேட்பது)

செய்வார்கள். எப்படிச் செய்வார்கள் என்பதுதான் விஷயம். தெரேசா அமபிலே 1985இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், எழுத்தில் ஆர்வமுள்ள 72 பேரைக் கவிதை எழுத வைத்தார். நடுவில் ஒரு பிரிவினரிடம் புகழ், பணம், வாய்ப்பு போன்ற வெளிக் காரணங்களின் பட்டியலைக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னார். இன்னொரு பிரிவினருக்கு எழுதும்போது கிடைக்கும் இன்பம் பற்றிய பட்டியல். மூன்றாவது பிரிவுக்கு எதுவும் இல்லை. பிறகு எழுதிய கவிதையில் முதல் பிரிவினரின் தரம் இறங்கியிருந்தது. பரிசு எதுவும் கொடுக்கவில்லை. நினைக்க வைத்ததே போதுமாக இருந்தது.

மார்க்கை ஒழிக்க முடியாது, தெரியும். கல்லூரியே போடும் இன்டர்னல் மார்க் 25 இருக்கிற இடத்தில் அதில் ஐந்தையாவது விடைக்கு இல்லாமல் கேள்விக்கு ஒதுக்குங்கள். பாடத்திலிருந்து அவரவர் கண்ட மூன்று கேள்வி, எங்கிருந்து வந்தது என்று இரண்டு வரி. இன்னொரு ஐந்தைத் தோற்றுப்போன முயற்சிக்குக் கொடுங்கள்: என்ன செய்து பார்த்தேன், ஏன் வரவில்லை. நான் இதைச் செய்துவருகிறேன். முதல் மாதம் கூகுளில் இருந்து கேள்வி எடுத்து வருவார்கள். மூன்றாவது மாதம் பஸ்ஸிலிருந்து, சந்தையிலிருந்து, மாமா கடைக் கணக்கு நோட்டிலிருந்து எடுத்து வருவார்கள்.

"குரூப்பா உக்காந்து பேசினா நல்ல ஐடியா வருமா?"

அலெக்ஸ் ஆஸ்பர்ன் என்ற விளம்பரக்காரர் பிரபலமாக்கிய முறை அது. யேல் பல்கலைக்கழகத்தில் 1958இல் சோதித்தார்கள்: நான்கு பேர் சேர்ந்து பேசியதைவிட, நான்கு பேர் தனித்தனியே எழுதியதைச் சேர்த்தபோது யோசனைகள் அதிகம். நம் வகுப்பில் காரணம் கண்ணுக்கே தெரியும். ஆங்கிலம் பேசுகிற ஒருவர் முதலில் பேசிவிடுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். முதலில் பத்து நிமிடம் தனியாக எழுதுங்கள், அப்புறம் கூடுங்கள்.

"இங்கிலீஷ் வரலேன்னா?"

தமிழில் யோசியுங்கள், தமிழில் எழுதுங்கள், முடிந்த பிறகு மொழி மாற்றலாம். ஆங்கில வாக்கியம் கிடைக்கவில்லை என்று யோசனையையே கைவிட்ட பிள்ளைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதல் வரைவைத் தமிழில் வாங்குங்கள்.

"சாட்ஜிபிடி இருக்கும்போது இதெல்லாம் எதுக்கு?"

கேட்டால் பதில் தருகிற பொருள் அது. ரேஷன் கடை மெஷினில் உங்கள் அம்மாவின் விரல் விழாதது அதற்குத் தெரியாது. அதை நீங்கள்தான் போய்ச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு பயன்படுத்துங்கள், தடுக்க மாட்டேன்.

"காசு இல்லாத காலேஜ் என்ன பண்ண முடியும்?"

'இன்னோவேஷன் சென்டர்' என்று ஒரு அறைக்குப் பெயர்ப்பலகை மாட்டி, ரிப்பன் வெட்டி, பூட்டி வைப்பதைவிட நிறைய செய்யலாம்.

சாவி முதல் விஷயம். ஷிஃப்ட் முறையில் நடக்கும் கல்லூரிகளில் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிடுகிறோம். குறிஞ்சிப்பாடி பஸ் வர ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை வெயிலில் நிற்பார்கள். அந்த ஒரு மணி நேரம் ஒரு அறையும் மின்விசிறியும் கரும்பலகையும் திறந்து கிடந்தால், மூன்று துறைப் பிள்ளைகள் ஒரே இடத்தில் உட்காருவார்கள். வேதியியலும் வணிகவியலும் தமிழும் சந்தித்துக்கொள்ள நம் கால அட்டவணையில் வேறு இடமே இல்லை.

இரண்டாவது, ஆட்கள். புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1985இல் தொடங்கியது. அதற்குச் சில ஆண்டுகளில், கல்லூரிப் படிப்பே இல்லாத கரிசல் விவசாயியும் எழுத்தாளருமான கி. ராஜநாராயணனை வருகைதரு பேராசிரியராக அழைத்தது. கோவில்பட்டி பக்கத்திலிருந்து வந்தவர், 2021இல் காலமாகும்வரை புதுச்சேரிக்காரராகவே இருந்தார். நாட்டார் கதைகளைத் தேடித் திரட்டும் வேலை அவரோடு பல்கலைக்கழகத்துக்குள் வந்தது. பட்டம் கொடுக்கும் இடம், பட்டம் இல்லாதவரிடம் கற்றுக்கொள்ளலாம் என்று ஒத்துக்கொண்டது. அந்தத் துணிச்சலுக்கு எவ்வளவு செலவாகியிருக்கும்? வில்லியனூரில் சுடுமண் பொம்மை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தொழிலுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. தேவனாம்பட்டினத்தில் வலை பின்னுகிறவர்கள், பண்ருட்டியில் பலாவைத் தட்டிப் பார்த்தே பதம் சொல்கிறவர்கள். செமஸ்டருக்கு ஒருவரை வகுப்புக்கு அழைத்து, பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடாமல், நான்கு வாரம் வந்து போக வையுங்கள்.

"இதுக்கெல்லாம் வேலை கிடைக்குமா?" (பெற்றோர் கேட்பது)

நேராகச் சொல்லிவிடுகிறேன்: இதற்காக மட்டும் யாரும் வேலை தர மாட்டார்கள். அந்த முந்திரிக்கொட்டைப் பெண் இப்போது ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் இருக்கிறாள். இன்டர்வியூவில் பிராஜெக்ட் பற்றிக் கேட்டபோது இருபது நிமிடம் நிறுத்தாமல் பேசினாளாம். மற்றவர்கள் தங்கள் தலைப்பையே மறந்திருந்தார்கள்.

"சரி மேம், இன்னைக்கு நான் எங்க ஆரம்பிக்க?"

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து கல்லூரி வரும் வழியில் சரியாக நடக்காத ஒன்றைத் தினமும் எழுதுங்கள். தீர்வு எழுத வேண்டாம், எழுதவும் கூடாது. "திருப்பாதிரிப்புலியூர் ஸ்டாண்டில் வயதானவர்கள் பஸ் போர்டைப் படிக்க முடியாமல் கண்டக்டரைக் கேட்கிறார்கள்." அந்த அளவு போதும். ஒரு மாதம் கழித்து நோட்டைத் திறந்து, எந்த வரியைப் படிக்கும்போது 'இது ஏன் இப்படி?' என்று மறுபடியும் தோன்றுகிறதோ, அந்தப் பக்கத்தை மடித்து எடுத்துக்கொண்டு யாராவது ஓர் ஆசிரியரிடம் போங்கள். எங்கள் ஸ்டாஃப் ரூமில் என் மேசை ஜன்னல் பக்கம், இரண்டாவது.